வாசலில் தூங்கியவரின் படம்

வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். காலையில் மயிலாப்பூர், பதினொரு மணிக்கு மேல் அடையாறு, இரண்டரைக்குக் கோட்டூர்புரம் என்று ஸ்கூட்டரிலேயே நாள் ஓடிவிடும். இறுகிப்போன தோள்களையும் மாற்றிவைத்த முழங்கால்களையும் இருபது வருடமாகத் தொட்டுப் பழகியதில், தெருவில் போகிறவர்களையும் அப்படியே பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. இவருக்கு இடுப்பு வலி, அந்த அம்மாவுக்கு வலது குதிகாலில் பாரம் வைக்க முடியவில்லை என்று மனம் தானாகக் கணக்குப் போடும். விழித்திருக்கிற உடம்பு எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். தூங்கும்போதுதான் விடும்.

அதனாலோ என்னவோ, மதிய வேளையில் தெருவில் தூங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வண்டியை நிறுத்தத் தோன்றும். ஆட்டோவின் பின்சீட்டில் படுத்து, காலை வெளியே நீட்டியிருப்பவர். மாட வீதியில் பூக்கூடைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருக்கும் அம்மா. தி. நகரில் துணிக்கடை மூட்டைகளின் மேலேயே குப்புறப் படுத்திருந்த சுமைதூக்கி. செல்போனில் படம் எடுப்பேன். சமூக வலைத்தளத்தில் எனக்கென்று ஒரு பக்கம் வைத்து, வாரம் இரண்டு படம் போடுவேன். சில நூறு பேர் பார்ப்பார்கள். நல்ல படம் என்று யாராவது எழுதினால் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருக்கும். மற்றபடி யாருக்கும் தொந்தரவில்லாத பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஆளைப் பார்த்தது ஒரு புதன்கிழமை. கோட்டூர்புரத்தில் நோயாளி வீட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டேன். எதிர்ச்சாரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் கேட்டுக்கு வெளியே, தூங்குமூஞ்சி மர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நீலச் சீருடையில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க காவலாளி தூங்கிக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருந்தார். தலை பின்னால் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. தோள்கள் இரண்டும் அப்படித் தளர்ந்து கிடந்ததை என் நோயாளிகளில் ஒருவரிடம்கூட நான் பார்த்ததில்லை. ரோட்டின் இந்தப் பக்கம் நின்றபடியே ஒரு படம் எடுத்தேன். வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அடையாறில் ஒரு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தபோது அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். இடது பக்கம் கேட்டும் கம்பிகளுமாக நெரிசலாகத் தெரிந்ததால் அதை வெட்டிச் சதுரமாக்கினேன். தூணில் பொறித்திருந்த குடியிருப்பின் பெயர் படத்தில் நின்றுவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன், பரவாயில்லை என்று விட்டேன். மேலே 'காவலுக்கும் ஓய்வு' என்று எழுதிப் போட்டேன். பதினொன்றே கால் மணி இருக்கும். அன்பாகத்தான் எழுதினேன். படிக்கிறவர்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. 'மேடம், நீங்க போட்ட படத்துல இருக்கறது எங்க அப்பா. அவருக்கு வேலை போயிடுச்சு.' அவ்வளவுதான். திட்டு ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என் எண்ணைக் கொடுத்துக் கூப்பிடச் சொன்னேன். அந்தப் பெண் தி. நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தாள். போனில் பேச நேரம் கிடையாது, பன்னிரண்டு மணிக்குக் கால் மணி நேரம் டீக்கு விடுவார்கள் என்றாள். அடையாறு நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கடையின் பின்பக்கச் சந்துக்குப் போனேன். இருபது வயது இருக்கும். கடைச் சீருடைப் புடவையில், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தாள். என்னைத் தேடிப்பிடித்துவிட்டோமே, இனி என்ன கேட்பது என்று தெரியாதவள் போல நின்றாள்.

அவள் சொன்னது இது. அவர்கள் குடும்பம் முன்பு ஆற்றோரத்தில், அந்தக் குடியிருப்புக்கு நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. ஆற்றோர வீடுகளை அரசாங்கம் இடித்து எடுத்தபோது ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். இப்போது அப்பா விடியும் முன் கிளம்பி, இரண்டு பஸ் மாறி ஆறு மணிக்கு வேலையில் நிற்கிறார். இரண்டு மணிக்கு அவருடைய காவல் முறை முடியும். திரும்பிப் போக நேர் பஸ் மூன்றேகாலுக்குத்தான். அதுவரை கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். புதன்கிழமையும் அப்படித்தான் உட்கார்ந்து கண்ணயர்ந்திருக்கிறார்.

நான் வியாழக்கிழமை பதினொன்றே காலுக்குப் போட்ட படத்தை, அந்தக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண் தன் அலுவலகத்தில் இருந்தபடி பார்த்திருக்கிறார். 'மூன்று நிமிடம் முன்பு' என்று அதில் இருந்திருக்கிறது. போன் திரையை அப்படியே படம் பிடித்துக் குடியிருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். முந்தின வாரம்தான் உள்ளே ஒரு சைக்கிள் திருடு போயிருந்தது, கேமராவும் பழுது. எல்லோரும் கொதித்துப்போயிருந்தார்கள். காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சியின் சூப்பர்வைசர் உடனே அப்பாவுக்குப் போன் செய்ய, அவர் முதல் மணியிலேயே எடுத்திருக்கிறார். அதுவும் குற்றமாகிவிட்டது. போன் சத்தத்தில் விழித்துக்கொண்டார் என்றார்களாம். அன்று சாயங்காலமே சீருடையைக் கேட்டு வாங்கிவிட்டார்கள்.

"டூட்டி முடிஞ்சப்புறம் எடுத்த படம்னு அப்பா சொன்னாரு மேடம். மூணு நிமிஷம் முன்னாடின்னு போட்டிருக்கே, நீ எப்படிய்யா நேத்துன்னு சொல்றேன்னு கேக்கறாங்க."

நான் உடனே அந்தப் பதிவை நீக்கப் போனேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். நீக்கிவிட்டால், பயந்து அழித்துவிட்டோம் என்று குடியிருப்புக்காரர்கள் சொல்வார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுடைய கால் மணி நேரம் முடிந்துவிட்டது. யாரையாவது கேட்டுவிட்டுச் சாயங்காலம் அழைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கேட்பதற்கு எனக்கு ஒருத்தி இருந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள், இப்போது வக்கீல். ராயப்பேட்டையில் அவர்கள் குடும்பம் நாலு தலைமுறையாக இருக்கிறது. கீழே அண்ணன்களின் தோல் பை கடை, மேலே இவள் அலுவலகம். கீழே உருது, மாடியில் தமிழ் என்று அந்தப் படிக்கட்டில் ஏறும்போதே பேச்சு மாறும். நான் போனபோது தொழுகை முடிந்து அண்ணன்கள் கடையைத் திறந்துகொண்டிருந்தார்கள். நடந்ததை எல்லாம் சொல்லி, நான் சட்டப்படி தப்புப் பண்ணியிருக்கிறேனா என்று கேட்டேன்.

 நீ எங்கே நின்று எடுத்தாய் என்றாள். ரோட்டில். அவர் எங்கே இருந்தார்? கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம். உள்ளே எட்டிப் பார்த்து எடுத்தாயா, தடை செய்த பலகை ஏதாவது இருந்ததா, யாராவது எடுக்காதே என்று சொன்னார்களா, அதற்காக யாரிடமாவது எதுவும் வாங்கினாயா? இல்லை, இல்லை, இல்லை.

பிறகு அவள் விளக்கினாள். பொது இடத்தில் நின்று கண்ணுக்குத் தெரிவதைப் படமெடுக்கக் கூடாது என்று பொதுவாகத் தடுக்கிற சட்டம் நம் நாட்டில் இல்லை. ராணுவ இடம், நீதிமன்றத்தின் உள்ளே, தடை என்று அறிவித்த இடங்கள் வேறு. ஒரு பெண்ணை அவள் தனிமையில் இருக்கும்போது எடுப்பது, பின்தொடர்ந்து எடுப்பது எல்லாம் கடுமையான குற்றம். ஒருவர் முகத்தை அவரைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்டால் அதற்கும் வழக்குத் தொடரலாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது; ஆனால் தெருவில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்பது ஒவ்வொரு வழக்காகத்தான் தெளிவாகும்.

"படம் எடுத்தது தப்பில்ல. போட்டதுகூடப் பெரிய தப்பில்ல. அதுக்கு மேல எழுதின பாரு ரெண்டு வார்த்தை, அதுலதான் மாட்டிக்குவ. டூட்டி முடிஞ்ச ஆள டூட்டியில தூங்கினவரா ஆக்கிட்ட. அவர் பேரக் கெடுத்திட்டன்னு அவரே உன் மேல வழக்குப் போடலாம்," என்றாள்.

எனக்கு முகம் வெளிறியிருக்க வேண்டும். தண்ணீர் கொடுத்தாள். அவர் போடமாட்டார், போடக் காசும் நேரமும் அவரிடம் இல்லை, அதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதே என்று சேர்த்துச் சொன்னாள். பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மூலப் படம் போனில் இருக்கிறதா?

இருந்தது. திறந்து அவளிடம் கொடுத்தேன். விவரத்தைத் தட்டியதும் தேதியும் நேரமும் வந்தன. புதன், மதியம் இரண்டு இருபத்தாறு. அப்போதே எனக்குப் பாதி உயிர் திரும்பியது. அவளுக்கு அது போதவில்லை. போனில் நேரத்தை மாற்றலாம் என்று வாதாடுவார்கள், நானே வாதாடுவேன் என்றாள். படத்தை விரலால் விரித்துக்கொண்டே இடது பக்கம் போனவள் சட்டென்று நின்றாள்.

"இது யாரு?"

நான் வெட்டி எறிந்த பகுதி அது. கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால், காவலாளி மேசையருகே இன்னோர் ஆள் நின்றிருந்தார். அதே நீலச் சீருடை, தலையில் தொப்பி, கையில் பதிவேடு. இளவயது. முகத்தின் ஒரு பக்கம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு மணிக்கு வேலையை மாற்றிக்கொண்ட அடுத்த முறைக் காவலாளி. எடுக்கும்போதும், வெட்டும்போதும் நான் அவரைப் பார்க்கவே இல்லை. தூங்குகிறவரை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

நான் அந்த மாடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, போதும், வேலையைப் பார்க்கலாம் என்றாள். நோட்டீஸ் எதுவும் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் அவர்களும் வக்கீலைத் தேடுவார்கள், அவர் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டிவரும். நீயே நேரில் போ. எப்போது, எங்கிருந்து எடுத்தாய், என்ன வெட்டினாய், எப்போது போட்டாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோ. மூலப் படத்தைக் காட்டு, பிரதி கொடுக்காதே. பதிவை நீக்கு, நீக்கிய இடத்தில் உண்மையை எழுது. இதையெல்லாம் செய்வதற்கு முன் அந்த மனிதரைக் கேள்.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடை விட்டதும் மகளிடம் எண் வாங்கி அவரை அழைத்தேன். பின்னால் தண்ணீர் லாரியின் சத்தம் கேட்டது. நான் யார் என்று சொன்னேன்.

"நான் டூட்டி முடிச்சிக்கினுதான் குந்திக்கினு இருந்தேன் மா. அத்த யாரும் நம்பல," என்றார்.

நான் நம்புவதாகவும், என் போனிலேயே அதற்கு ஆதாரம் இருப்பதாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த முழுப் படத்தைக் குடியிருப்புக்காரர்களிடம் காட்டலாமா என்றேன். 

"காட்டு மா. ஆனா அவுங்களோட நிறுத்திக்கோ. எங்க சொந்தக்காரங்க எல்லாம் அந்த போட்டோவப் பாத்துட்டு இன்னா இன்னான்னு கேட்டுக்கினு கீறாங்க."

அன்று இரவே பதிவை நீக்கிவிட்டு, அது வேலை நேரம் முடிந்த பிறகு எடுத்த படம் என்று அந்த இடத்தில் எழுதினேன். சனிக்கிழமை காலை குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் போனில் பிடித்தேன். மதியம் பன்னிரண்டுக்கு வரச் சொன்னார். கீழ்த்தளத்தில் சின்ன அறை. கேரம் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். செயலாளர் ஓய்வுபெற்ற என்ஜினீயர். சூப்பர்வைசரும் இருந்தார். வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்ட பெண்ணும் வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

செயலாளர் ஆரம்பத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கேட்டை எங்களைக் கேட்காமல் எப்படிப் படம் பிடிக்கலாம், திருடன் பார்த்தால் என்ன ஆகும், போலீசில் சொல்லட்டுமா என்றார். என் வக்கீல் சிநேகிதி சொல்லிக் கொடுத்ததெல்லாம் தொண்டை வரை வந்தது. ரோட்டில் நின்று எடுக்க எனக்குத் தடையில்லை என்று ஒரு வரி மட்டும் சொன்னேன்.

"ஆனா உங்க பில்டிங் பேரோட போட்டது தப்பு சார். அவரக் கேக்காமப் போட்டது அதவிடத் தப்பு. அத ஒத்துக்கத்தான் வந்தேன். என் தப்புக்கு அவர் வேலய எடுக்காதீங்க."

கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்து முடிக்கும் வரை காத்திருந்து, போனை மேசையில் வைத்து முழுப் படத்தைத் திறந்தேன். நேரத்தைக் காட்டினேன். நான் எதிர்பார்த்தபடியே சூப்பர்வைசர், இதையெல்லாம் மாற்றலாமே என்றார். நான் படத்தின் இடது பக்கத்துக்குப் போய், கம்பிகளுக்குப் பின்னால் இருந்த ஆளைப் பெரிதாக்கினேன்.

செயலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், அந்த ஆளையே கூட்டிக்கொண்டு வந்தார். வேறொருவர் விடுப்பில் போனதால் அன்று அவர் காலை முறையில் இருந்தார். படத்தைப் பார்த்ததும், ஆமாம் சார், நான்தான், புதன்கிழமை இரண்டு மணிக்கு முன்னாடியே வந்து பொறுப்பெடுத்துவிட்டேன், நோட்டில் கையெழுத்து இருக்கிறது என்றார். இதை ஏன் வியாழக்கிழமையே சொல்லவில்லை என்று செயலாளர் கேட்டார்.

"என்னை யாரும் கேக்கலயே சார். அவர் வியாழக்கிழமை காலையில தூங்கினாருன்னு சொன்னாங்க. நான் அப்போ வீட்டுல இருந்தேன்."

 வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்ட பெண்தான் முதலில் அசைந்தார். தன் போனை எடுத்துத் தட்டச்சு செய்தார். அனுப்புவதற்கு முன் என்னிடம் நீட்டினார். தான் போட்ட படம் வேலை முடிந்த பிறகு எடுத்தது, நேரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டேன், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். நான் தலையசைத்ததும் அனுப்பினார். பிறகு, அவர் தினம் காலையில் என் பெண்ணுக்கு ஸ்கூல் வேன் கதவைத் திறந்துவிடுவார் என்று மெதுவாகச் சொன்னார்.

சூப்பர்வைசர் வேறு இடத்தில் போட்டுக்கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தார். வேறு இடம் என்றால் மூன்று பஸ் ஆகிவிடும் என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். அதைச் சொல்ல நான் வாய் திறக்கும் முன்பே செயலாளர், அவர் இங்கேயே வரட்டும், திங்கட்கிழமை ஆறு மணிக்கு என்றார். விடுபட்ட நாட்களையும் வேலை நாளாகவே போடச் சொன்னார். என்னைப் பார்த்து, நீங்கள் வந்ததால் பேசுகிறோம், இனி எங்கள் கேட்டைப் படம் எடுக்காதீர்கள் என்றார். எடுக்கமாட்டேன் என்றேன். சட்டம் அதைக் கேட்கவில்லை, நானே ஒப்புக்கொண்டேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன்.  கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பாமலே இருந்தேன். மகளுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. கடையில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அப்பாவுக்கே செய்தேன். திங்கட்கிழமை ஆறு மணி, அதே இடம் என்றேன். அவர் மனைவியைக் கூப்பிட்டு அவரிடம் இதையே சொல்வது கேட்டது. அந்த அம்மா மறுபடி சொல்லச் சொல்லி, மறுபடி சொன்னார். நான் இணைப்பில் இருப்பதையே மறந்துவிட்டார்கள். ஒட்டுக்கேட்பது போலிருந்ததால் நானே வைத்துவிட்டேன். அன்று மதியம் எவ்வளவு பசித்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரங்களில் என் பக்கத்திலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஆளைத் தேடிப்போய்க் கேட்டேன். மாட வீதிப் பூக்கார அம்மா, என் மருமகள் பார்த்தால் வேலை செய்யாமல் தூங்குகிறேன் என்று சொல்லுவாள், எடுத்துவிடு என்றார். ஆட்டோக்காரர் தன் படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லி அதையே தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். தி. நகர்ச் சுமைதூக்கியை மூன்று முறை தேடியும் கிடைக்கவில்லை. கேட்க முடியாத படங்களை எடுத்துவிட்டேன். பக்கத்தில் ஒன்பது படம் மிஞ்சியது. என் சிநேகிதி, இவ்வளவு தூரம் சட்டம் உன்னைக் கேட்கவில்லையே என்று கிண்டல் செய்தாள். எனக்கு ஒன்பதே நிறைவாக இருந்தது.

அந்தக் காவலாளியை நேரில் பார்த்துப் பேசியது அதற்கும் பிறகுதான். இரண்டரை மணிக்கு நோயாளி வீட்டுக்குப் போகும் வழியில், கேட்டுக்கு வெளியே அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விழித்திருந்தார். வண்டியை நிறுத்தி நான்தான் என்று சொன்னதும் எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. 'அந்த போட்டோ இன்னும் உன் போன்ல கீதா?' என்று கேட்டார். முழுசாக அவர் அதைப் பார்த்ததே இல்லையாம்.

காட்டினேன். போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாயத் தொறந்துக்கினு கீறனே. வூட்டுல சொல்லும், நான்தான் நம்பினது இல்ல," என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அழிச்சிடு மா" என்றார்.

இதுதான் உங்கள் பக்கம் இருக்கிற பெரிய சாட்சி, நாளைக்கு ஏதாவது வந்தால் என்று நான் தயங்கினேன். இனி என்ன வரும், எல்லாருக்கும்தான் தெரிந்துவிட்டதே என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அழித்தேன். அழித்தவை போய்த் தங்கும் இடத்தையும் திறந்து அங்கிருந்தும் எடுத்தேன். எல்லாம் போய்விட்டதா என்று ஒரு தரம் கேட்டார். போய்விட்டது என்றதும், சரி மா, உனக்கு நேரமாகுது பாரு என்றார்.

நான் எதிர்ச்சாரிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், நோயாளி வீட்டு அழைப்புமணியை அடித்தேன்.